நாற்பத்தோராவது வரி

யாரும் தொடாத கட்டத்தில் ஓர் எழுத்து விழுந்தது.

ரஸ்மினியின் இரண்டு கைகளும் அப்போது, நேற்றே போட்டுவைத்து ஆறிப்போயிருந்த காப்பிக் கோப்பையைச் சுற்றியிருந்தன. கீபோர்டு மேஜையின் அந்தப்பக்கம் கிடந்தது. திரையில் 'குழந்தையின் பெயர்' என்ற வெற்றுக் கட்டத்துக்குள் எஸ் என்ற எழுத்து மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் கர்சர், அடுத்த எழுத்தை யோசிக்கிற மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது.

அழித்தாள். மறுபடி கட்டம் காலியானது.

சாயங்காலம் மணி ஐந்து இருக்கும். நியேப்பி, மௌன விரதம் காக்கும் புத்தாண்டு நாள். தென்பசார் நகரத்தில் ஒரு வண்டி ஓடவில்லை, ஒரு கடை திறக்கவில்லை. விளக்கு கூடாது, வேலை கூடாது, வாசல் தாண்டக் கூடாது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை அடக்கிக் கிடந்தது. ஜன்னலில் இரண்டு துவாலைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, திருட்டுத்தனமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தச் சந்தில் அவள் ஒருத்திதான். முந்தின ராத்திரி முச்சந்தியில் கொளுத்திய பூதபொம்மையின் நாற்றம், மூங்கிலும் பசையும் பெயிண்டும் கருகிய நாற்றம், துவாலையைத் தாண்டி அறைக்குள் வந்து தேங்கியிருந்தது.

போன் அதிர்ந்தது. அவள் புருஷன் தேவா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், நேற்று சாயங்காலம் போனவன் நாளைக் காலையில்தான் வர முடியும்.

"என்ன பண்றே?"

"சும்மா படுத்திருக்கேன், பிளி." ஊர் வழக்கப்படி புருஷனை அவள் பிளி என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ? சும்மா? லேப்டாப்பக் கட்டிப்புடிச்சுக்கிட்டுத்தானே படுத்திருக்கே?"

"மெதுவாப் பேசுங்க. சந்து முழுக்கக் கேக்கும்."

"ஒருநாள் மூடி வையேன் ரஸ்மி. இன்னைக்கு ஊர்லயே நெட் கிடையாது, அப்புறம் என்ன வேலை?"

"நெட் எதுக்கு? என் மெஷின்லயேதான் ஓடுது. நாளைக்குக் காலைல மெல்பர்ன்ல பள்ளிக்கூடத்தத் தொறக்கறப்போ இந்த வெப் பக்கமும் தொறந்தாகணும். சாயங்காலம் புள்ளையக் கூட்டிட்டுப் போக வர்றவங்க இதுலதான் பேரைப் போடணும். யாரும் தொடாமலே பேரு விழுந்து, பட்டனும் தானா அமுங்கினா என்னாகும் சொல்லுங்க? யாரோட புள்ளையோ எவன்கூடவோ போயிடும். டெஸ்ட் பண்ணப்ப ரெண்டு தடவ அப்படித்தான் ஆச்சு. ஆபீஸ்ல ஏற்கெனவே ரெண்டு பேரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. மூணாவது நான்தான்."

"சரி. சுவாரி எங்க?"

"ஹால்ல. படம் வரைஞ்சுக்கிட்டிருக்கா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கட்டத்தில் மறுபடியும் எஸ்.

இதற்கெல்லாம் ஒரு வரிசை உண்டு. பதினொரு வருஷமாக அவள் கை அந்த வரிசைக்குப் பழகியிருந்தது. பழைய பெயர்களைத் தானாக நிரப்பும் வசதியை அணைத்தாள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற துணைச் செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். வேறு பிரவுசரில் திறந்தாள். அங்கேயும் எஸ். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினாள், மவுஸைப் பிடுங்கினாள், லேப்டாப்பிலேயே இருக்கிற விசைகளையும் செயலிழக்கச் செய்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வியர்வை முதுகில் கோடு கோடாக இறங்கியது. மேற்கூரையில் பல்லி ஒன்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. ஹாலிலிருந்து மகள் சுவாரியின் குரல், ஆறு வயசுக் குரல், தனக்குத்தானே எதையோ ராகமாக இழுத்துக்கொண்டிருந்தது.

எஸ். பக்கத்தில் டபிள்யூ.

மவுஸை மட்டும் மறுபடி செருகி, ஏற்கெனவே எழுதிவைத்திருந்த சோதனை வரியை ஓடவிட்டாள். கட்டத்தில் எழுத்து விழும்போதெல்லாம், அதை விழவைத்தது எது என்று பிரவுசர் பக்கவாட்டில் எழுதிக் காட்டவேண்டும். பக்கத்தை இயக்குகிற ஏதோ ஒரு ஸ்கிரிப்டின் வேலை என்றால் 'பொய்' என்று காட்டும். நிஜமான விசையை நிஜமான விரல் அழுத்தியிருந்தால் மட்டுமே 'மெய்' என்று காட்டும். அந்த விஷயத்தில் பிரவுசரை ஏமாற்ற முடியாது. 'பொய்' என்று வந்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. எந்த ஸ்கிரிப்ட் என்று தேடிப் பிடித்துவிடலாம்.

கட்டத்தை அழித்துவிட்டுக் காத்திருந்தாள். எஸ் விழுந்தது. பக்கவாட்டில் ஒரு வரி வந்தது.

மெய்.

டபிள்யூ விழுந்தது.

மெய்.

செருகாத கீபோர்டு மேஜை ஓரத்தில், ஒயர் சுருண்டு, செத்த மாதிரிக் கிடந்தது.

சரி, நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். ஸ்கிரிப்டின் ஒரு வரிக்குப் பக்கத்தில் நீலப்புள்ளி ஒன்றை வைத்துவிட்டால், ஓட்டம் அந்த வரிக்கு வந்ததும் பக்கம் முழுக்க அப்படியே உறைந்து நிற்கும். அந்த நிமிஷம் எதனுள் என்ன இருக்கிறது என்று நிதானமாகத் திறந்து பார்க்கலாம், வேண்டுமானால் மாற்றவும் மாற்றலாம். எழுத்து விழுகிற வரியில் புள்ளியை வைத்தாள்.

ஏ என்ற எழுத்து விழப்போகிற நேரத்தில் பக்கம் உறைந்தது. திரை சாம்பல் பூத்தது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தாள். எங்கிருந்தும் இல்லை. அந்த வரியை ஓடவைத்தது எது என்று காட்டவேண்டிய இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது, ஹாலில் சத்தமில்லை.

ராகம் பாதியில் அறுந்திருந்தது. மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய மாதிரி இல்லை. சொல்லின் நடுவில், கத்தரித்த மாதிரி. பல்லி சத்தம் போட்டது. எங்கோ ஒரு நாய் முனகியது. ஹாலில் மட்டும் ஒன்றுமில்லை.

பக்கத்தை ஓடவிட்டாள்.

"...ஏஏஏ," என்றது சுவாரியின் குரல், விட்ட இடத்திலிருந்து.

தற்செயல் என்று ரஸ்மினி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளே கையால் நிறுத்தினாள். குரல் நின்றது. ஓடவிட்டாள். குரல் வந்தது. நிறுத்தினாள். நின்றது. விரல் மவுஸ்மேலேயே இருக்க, ஹாலின் பக்கம் காதை வைத்துக்கொண்டு பத்துவரை எண்ணினாள். பத்துவரைக்கும் அந்த ஹாலில் குழந்தை இருப்பதற்கான ஒரு சலனமும் இல்லை. கிரேயான் உருளும் சத்தமில்லை. துணி உரசவில்லை.

ஓடவிட்டாள். கிரேயான் உருண்டது.

கேட்டில் யாரோ விரல்முட்டியால் தட்டினார்கள். ரஸ்மினி துள்ளி எழுந்தாள். துவாலையின் ஓரத்தை நகர்த்திப் பார்த்தாள். சந்தில் கட்டம்போட்ட வேட்டியும் கறுப்புச் சட்டையுமாக ரோந்து வரும் காவல்காரர்.

"அம்மா," என்றார் தணிந்த குரலில், "பாப்பாவக் கதவுகிட்ட உக்காந்து பேசவிடாதீங்க, தெருவரைக்கும் கேக்குது. அந்தம்மாவையும் உள்ள வரச் சொல்லுங்க. நியேப்பியன்னைக்கு இப்படிக் கதவுக்கு வெளிய நிக்கலாமா?"

"எந்தம்மா, பாக்?" என்று அந்தப் பெரியவரைக் கேட்டாள்.

அவர் அதற்குள் நடந்துவிட்டிருந்தார்.

ஹாலுக்கு ஓடினாள். சுவாரி கதவுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் படம் வரையும் நோட்டு. கதவு தாழிட்டுத்தான் இருந்தது. அடியில் இரண்டு விரல் இடைவெளி, அதன் வழியாகச் சாயங்கால வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் கிடந்தது. அந்தப் பட்டையின் நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை. இரண்டு பாதம் நிற்கிற அகலத்துக்கு.

கருகிய மூங்கில் வாசனை இங்கேதான் அடர்த்தியாக இருந்தது.

"யார்கிட்டடி பேசுற?"

"கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க, இபு." அவள் அம்மாவை இபு என்றுதான் கூப்பிடுவாள். "என் பேரு எழுதத் தெரியலயாம். எப்படின்னு கேட்டாங்க. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லித் தர்றேன்."

ரஸ்மினி குழந்தையின் வாயைப் பொத்தினாள். "சொல்லாத. இனிமே ஒரு எழுத்துகூடச் சொல்லக் கூடாது. கேக்குதா?"

சுவாரி அந்தக் கையை விலக்கினாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்:

"எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

தரையில் இருந்த இரண்டு இருட்டுகளில் ஒன்று நகர்ந்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடி வந்தாள். கட்டம் நிறைந்திருந்தது. எஸ், டபிள்யூ, ஏ, ஆர், ஐ. சுவாரி. கர்சர் அடுத்த கட்டத்துக்கு இறங்கியிருந்தது. 'அழைத்துப்போக வருபவர்.'

லேப்டாப்பின் விசைகளை உயிர்ப்பித்தாள். அழித்தாள். அழித்த இடத்தில் மறுபடி வந்தது. பிரவுசரை மூடினாள், தானே திறந்தது. மின் விசையை அழுத்திப் பிடித்தாள். முப்பது வரை எண்ணினாள். திரை அணையவில்லை. தேவாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, யாரோ எடுத்தார்கள், மறுமுனையில் மூங்கில் வெடிக்கிற மாதிரிச் சின்னச் சின்னதாகச் சத்தம்.

இரண்டாவது கட்டத்தில் ஐ விழுந்தது.

பி.

யூ.

இபு.

"இல்ல," என்றாள் ரஸ்மினி சத்தமாக. "இல்ல. அது நான். நான்தான்."

கீழே பச்சை நிறத்தில் பெரிய பட்டன். 'வந்துவிட்டேன்.' அதை அழுத்தினால் ஓடுகிற வரி எதுவென்று அவளுக்கு மனப்பாடம். அவள்தான் எழுதினாள். நாற்பத்தோராவது வரி. தேடிப் போனாள். முப்பத்தெட்டு. நாற்பது. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து பட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், வழி தெரிந்த ஆளைப் போல.

நீலப்புள்ளியை வைத்தாள்.

பட்டன் அமுங்கியது.

பக்கம் உறைந்தது.

மூச்சு வந்தது அவளுக்கு. நிறுத்திவிட்டாள். சரியான வரியில் நிறுத்திவிட்டாள். இடுப்பைத் தொட்டாள். இடுப்பில் குழந்தை இல்லை.

எப்போது இறக்கிவிட்டாள்? நினைவில்லை. ஹாலுக்கு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. தாழ் விலகியிருந்தது. வெளியே அந்தி, ஒரு விளக்கும் இல்லாத ஊரின் முழு அந்தி. வாசல்படியில் சுவாரி. ஒரு கால் படிக்கு வெளியே, தரையைத் தொடாமல் அந்தரத்தில். வலதுகை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது, பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தை தூக்குகிற உயரத்துக்கு. விரல்கள் மடங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்றுமில்லை. ஆனால் சின்ன விரல்களின் சதை, யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி அமுங்கி வெளுத்திருந்தது.

"சுவாரி."

இழுத்தாள். அசையவில்லை. தரையில் நட்ட மாதிரி. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். ஒரு முடிகூட ஆடவில்லை. நெஞ்சில் காதை வைத்தாள்.

இல்லை. துடிப்பு இல்லை. மூச்சு இல்லை. நிறுத்தியதெல்லாம் நின்றிருந்தது.

உதடு மெல்ல நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். "பாக்! யாராவது!" நியேப்பி நாளில் ஒரு கதவும் திறக்கவில்லை. அடுத்த வீட்டில் யாரோ ஜன்னலை இன்னும் இறுக்கமாகச் சாத்தினார்கள்.

ஓடவிட்டால் குழந்தை போய்விடும். நிறுத்தி வைத்தால் செத்துவிடும்.

அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, மண்டிபோட்டாள். உறைந்த பக்கத்தைத் திறந்தாள். நாற்பத்தோராவது வரி இரண்டே இரண்டு பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. போகிறவள் சுவாரி. கூட்டிப்போகிறவள் இபு. இரண்டாவதை அழித்துப் பார்த்தாள். அழியவில்லை. மறுபடி. அழியவில்லை. முதலாவதை அழித்தாள்.

அழிந்தது.

அந்த இடத்தைக் காலியாக விட்டு ஓடவிடப் பார்த்தாள். ஓடவில்லை. பெயர் இல்லாமல் ஓடக்கூடாது என்று எழுதியதும் அவள்தான்.

நீலம் பாரித்த உதடு. நேரமில்லை. யோசிக்கவும் இல்லை. ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

ரஸ்மினி.

ஓடவிட்டாள்.

ஹாலில் ஒரு நீண்ட மூச்சு இழுபட்டது. குழந்தை இருமியது. "இபு?" என்றது. உயிருள்ள குரல். ரஸ்மினி வாய்விட்டு அழுதாள். எழுந்து ஓடினாள்.

ஓடிக்கொண்டேயிருந்தாள். ஹால் வரவில்லை. காலுக்கடியில் தரை வழவழப்பாக இல்லை, சொரசொரவென்று தார் ரோடு. வலதுகையை எதுவோ பிடித்திருந்தது. கதகதப்பாக, சாம்பல் மாதிரி உதிர்ந்துகொண்டே, விடாமல். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வரவில்லை. திரும்பிப் பார்க்க மட்டும் முடிந்தது.

இருண்ட சந்தின் கோடியில் அவள் வீட்டு வாசல். படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். ரஸ்மினியின் மஞ்சள் சட்டை. ரஸ்மினியின் கொண்டை. இடுப்பில் சுவாரி, 'இபு' என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு.

"அது நான் இல்லடி!" என்று கத்தினாள். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

சுவாரி தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். யாரென்று தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கையை ஆட்டினாள்.

அந்தப் பெண் ரஸ்மினியின் முகத்தோடு சிரித்து, குழந்தையின் தலைமுடியை முகர்ந்து, கதவை உள்பக்கமாகத் தாழிட்டாள்.