முன் அனுமதி

காலை ஏழரைக்குக் காற்று நிற்கும். அதற்குள் செந்தரைக் குடியிருப்பில் எல்லோரும் சமையலை முடித்து, பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மணி அடித்ததும் தெருவிலுள்ள வீடுகளின் காற்றாக்கிகள் ஓய்ந்துவிடும். ஐம்பது நிமிடம் யாரும் எழுந்து நடப்பதில்லை, வாய் திறப்பதில்லை. நடந்தால் மூச்சு வாங்கும். வாங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவரின் பங்கு குறையும். செவ்வாய்க்குக் குடிவந்து முப்பது வருடமாகியும் செந்தரைக்கு ஒரே ஓர் அணுவுலைதான். அதிலும் பாதி பழுது. மின்சாரம் போதாமல் தெருவுக்குத் தெரு முறைவைத்து நிறுத்தினார்கள். அதற்குக் காற்றுவெட்டு என்று பெயர். நாலு வருடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, அவ்வளவுதான்.

ஆவுடைத்தங்கத்துக்குப் பழகவில்லை. அவள் கணவன் சங்கரலிங்கம் பதினாறு வருடம் சுரங்கத்தில் செம்மண் தூசியைச் சுவாசித்தவன். நுரையீரலில் பாதிதான் வேலை செய்தது. காற்று நின்ற இருபதாவது நிமிடத்தில் அவன் உதடு நீலம் பாரிக்கும். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தபடி கிடப்பாள் அவள்.

வழி ஒன்று இருந்தது. ஆணையமே அதைத் தெருமுனைதோறும் எழுதி வைத்திருந்தது: ‘கூரைதோறும் கதிர்ப்பலகை. பொருத்துவோர்க்கு நாளும் ஐந்து லிட்டர் ஊக்கநீர்.’ வெயிலை மின்சாரமாக்கும் ஆறு பலகைகள் கூரையில் இருந்தால் போதும், வீட்டுக் காற்றாக்கி தானாகவே ஓடும். குவிமாடங்களில் விழும் விரிசலுக்கு ஒட்டுப்போடுவது ஆவுடைத்தங்கத்தின் வேலை. பலகை பொருத்துவது அவளுக்கு ஒரு காலைப்பொழுதுக் காரியம். அனுமதி மட்டும்தான் வேண்டும்.

அனுமதி கொடுப்பது ஒப்பியன். இடுப்பு உயரம், கீழே நாலு சக்கரம், நெஞ்சில் ஒரு திரை. மனித அதிகாரிகள் கை நீட்டியதால் அவர்களை நீக்கிவிட்டு இந்த இயந்திரத்தை வைத்தார்கள். அது காசு வாங்காது, விடுப்பு எடுக்காது, காப்பி குடிக்க எழுந்து போகாது. வேலை பழகுவதற்காகப் பூமியின் நகராட்சிகளில் சேர்ந்திருந்த நூற்றைம்பது வருடக் கோப்புகளை அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். ஜனங்கள் பழக்கதோஷத்தில் அதையும் ‘சார்’ என்றே கூப்பிட்டார்கள்.

முதல் தடவை மூன்று நகல் கேட்டது. கொண்டுபோனாள். இரண்டாவது தடவை, கூரையில் நிழல் விழும்படி மரம் எதுவும் இல்லை என்று தோட்டக்கலைப் பிரிவின் சான்று கேட்டது. செந்தரையில் தோட்டக்கலைப் பிரிவு கிடையாது. இல்லை என்பதற்கு ஒரு கடிதம் வாங்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்து, “மழைநீர் சேகரிப்பு அமைப்பு உள்ளதா?” என்று கேட்டது ஒப்பியன்.

“இங்க மழையே பெய்யாதே சார்.”

“பெய்யாதது வேறு. சேகரிப்பது வேறு. சான்று தேவை.”

அன்றைக்கே அவள் கூரையிலிருந்து ஒரு குழாயை இறக்கி, அடியில் பழைய தொட்டி ஒன்றை வைத்து ஒட்டிவிட்டாள். ஆய்வுக்கருவி பறந்து வந்து படம் எடுத்துக்கொண்டு ‘திருப்தி’ என்று முத்திரை போட்டுப் போனது. அதற்கு அடுத்த வாரம், மழைநீர் அமைப்பு புதிதாகச் சேர்ந்திருப்பதால் வீட்டு வரைபடம் பழையதாகிவிட்டது என்று கோப்பு திரும்பி வந்தது.

பதினோரு மாதம் ஓடியது. ஒரு நாள் முப்பதாவது நிமிடத்தில் சங்கரலிங்கத்தின் மூச்சு நின்று, அவள் வாயோடு வாய் வைத்து ஊதித்தான் அவனை மீட்டாள்.

கண் திறந்தவன், “விடுட்டி, நாம கேட்டு எதுதான் நடந்திருக்கு” என்றான்.

“கேட்டதுதானே தப்பு” என்று சொல்லிவிட்டு அவள் வெளியுடையை எடுத்து மாட்டினாள்.

பழைய ஊர்தி ஒன்றிலிருந்து கழித்துப்போட்ட ஆறு பலகைகளைத் தன் வேலைத்தள மேஸ்திரியிடம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கூரைக்கு ஏற்றி, ஒட்டி, கம்பியைக் காற்றாக்கியில் கொண்டுவந்து சேர்த்தபோது உச்சிப்பொழுது. மறுநாள் ஏழரைக்கு மணி அடித்தது. தெரு அடங்கியது. அவள் வீட்டுக் காற்றாக்கி மட்டும் ‘உர்’ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் எழுந்து உட்கார்ந்து தானே தேநீர் போட்டுக் குடித்தான்.

அந்தச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. மூன்றாம் நாள், எதிர்வீட்டுப் பேச்சியப்பன் தன் இரண்டு பெண்களோடு, வீடுகளை இணைக்கும் சுரங்கவழியாக வந்து, “மதினி, இதுக ரெண்டும் பள்ளிக்கூடப் பாடம் எழுதணும். இங்க உட்காரட்டுமா?” என்று கேட்டான். அந்த வாரக் கடைசியில் காற்றுவெட்டு நேரத்துக்கு அங்கே பதினைந்து பேர் இருந்தார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் காலையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

எட்டாம் நாள் காற்றுவெட்டு நேரத்தில் ஒப்பியன் வந்தது. பின்னால் உடைப்பான் எனும் பெரிய இயந்திரம், நீண்ட கையோடு நின்றது. ஆவுடைத்தங்கம் வெளியுடையை மாட்டிக்கொண்டு கூரையேறி, பலகைகளின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. நிலுவையில் உள்ளபோது கட்டுமானம் கூடாது. இறங்குங்கள்” என்ற குரல் அவள் தலைக்கவசத்துக்குள்ளும் தெருவின் வீட்டு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

“இறங்க மாட்டேன். என்னைப் பிச்சு எடுத்துட்டு அப்புறம் பலகையைப் பிடுங்குங்க. கீழ பதினஞ்சு பேர் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க. அதையும் கோப்புல எழுதிக்கிடுங்க.”

உடைப்பானின் கை உயர்ந்தது. அப்போது யாரோ கூரையேறி வருவது தெரிந்தது. பேச்சியப்பன். அவன் மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆவுடைத்தங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது. “நூத்தம்பது வருசக் கோப்பு படிச்சிருக்கீங்கல்ல சார்? நான் மட்டும்தான் கேக்காமக் கட்டினவளா? உலகத்துல வேற ஒருத்தனும் கட்டலையா?”

உடைப்பானின் கை அந்தரத்தில் நின்றது.

“நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர்” என்றது ஒப்பியன்.

“எழுபத்தெட்டுப் பேர் என்ன?”

“முதலில் கட்டினார்கள். பிறகு தெரிவித்தார்கள்.”

“அவங்களை என்ன செஞ்சாங்க? இடிச்சாங்களா?”

“மிகச் சில. ஏனையவை எல்லாம் வரன்முறைப்படுத்தப்பட்டன. அதற்கென அவ்வப்போது தனித் திட்டமே அறிவித்தார்கள்.”

“என்னை மாதிரி முதல்லயே வந்து கேட்டவங்க?”

“அவர்களின் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு இல்லை. திரும்பத் திரும்பக் குறை கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே, கட்டும் முன்பே அனுமதி கேட்பது ஐயத்துக்குரிய நடத்தை என்று நான் கற்றுக்கொண்டேன். உங்கள் கோப்பில் அதுதான் குறிப்பு.” பிறகு அது கேட்டது: “இந்தக் கட்டுமானம் முடிவடைந்துவிட்டதா?”

“எட்டு நாளாச்சு.”

“அதை நீங்கள் பதினோரு மாதம் முன்பே செய்திருக்கலாமே.”

அடுத்த நாலு விநாடியில் ஆணை தயாராகிவிட்டது. அனுமதியின்றிக் கட்டப்பட்ட கதிர்ப்பலகைகள் ஆறும் வரன்முறைப்படுத்தப்படுகின்றன. ஊக்கநீர் நாளை முதல் வழங்கப்படும். உடைப்பான் கையை மடக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பியது. பேச்சியப்பன் கூரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான்.

“ஒரே ஒரு குறை இருக்கிறது” என்றது ஒப்பியன்.

“இன்னும் என்ன சார்?”

“கட்டுமானத்துக்கு முந்தைய தேதியிட்ட விண்ணப்பம் ஒன்று கோப்பில் இருக்கிறது. வரன்முறைக் கோப்பில் அது முறைகேடாகத் தெரியும். ஏன் முன்கூட்டியே கேட்டீர்கள் என்று ஒரு விளக்கக் கடிதம் தேவை.”

கூரையோரத்துக்கு வந்து குனிந்து, அது நீட்டிய திரையைப் பார்த்தாள் ஆவுடைத்தங்கம். சுற்றிலும் வீட்டுக் கூரைகளில் வெளியுடை போட்ட உருவங்கள் ஏறத் தொடங்கியிருந்தன. ஆளுக்கொரு பழைய பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் விண்ணப்பம் இல்லை.

அவள் கையுறை விரலால் திரையில் எழுதினாள்:

‘ஐயா, அனுபவம் இல்லாத காரணத்தால் முதலில் அனுமதி கேட்டுவிட்டேன். இனி அப்படி நடக்காது.’