நோயாளிகளின் ரொட்டி

அவனுடைய இமைகளில் மழைத்துளிகள் நின்றன... அதை அமுதம் பார்த்த நேரத்தில் அவள் வாய் நிறைய ரொட்டி.

பாரிசவாயுவில் ஒரு பக்கம் விழுந்து எட்டு மாதமாகப் படுத்திருக்கும் அப்பா சுப்பராயலுவுக்கு, பாலில் ஊறவைத்துக் கொடுக்க வில்லியனூரில் வாங்கிய ரொட்டி அது. தன் ஊரான உறுவையாற்றுக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்ள, சாலையோர மண்டபத்தில் ஒதுங்கினாள். நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி. ஒரு விள்ளல்தான் என்று ஆரம்பித்தாள்... ரொட்டி கையளவுக்குச் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் அவன் சைக்கிளோடு உள்ளே வந்தான்.

"ஒடம்புக்கு இன்னா?"

புதுச்சேரியில் வெள்ளைக்காரத் துரைமார் தினமும் தின்கிற ரொட்டியை, கிராமத்தில் சீக்காளிகள் மட்டுமே தின்பார்கள். அப்பாவின் பங்கைத் தின்றேன் என்று எந்த வாயால் சொல்வது? காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள்.

கண்ணையன் என்பது அவன் பெயர், ரொட்டிக்கடையில் வேலை. காய்ச்சல்காரிக்குக் கன்னம் மட்டும் ஏன் இப்படிச் சிவக்கிறது என்று கேலி செய்தான். மழை விடுவதற்குள் அவளை இரண்டு முறை சிரிக்க வைத்து, பெயர் என்ன, எந்த வீடு என்றும் கேட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போய் மிச்ச ரொட்டியை அப்பாவுக்கு ஊட்டும்போது, அந்தச் சிரிப்பை நினைத்துக் கூசிப்போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி. காய்ச்சல்கார அமுதத்துக்கு ரொட்டி என்றது அவன் குரல். யாருக்குக் காய்ச்சல் என்று உள்ளேயிருந்து அப்பா குழறினார். கண்ணையன் எட்டிப் பார்த்தான். கட்டிலில் கிடந்தவரை, பால் கிண்ணத்தை, குழி விழுந்த அவள் கண்களை... அன்று அவள் தின்றது யாருடைய ரொட்டி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அமுதத்துக்கு. உங்கள் பரிதாபம் எங்களுக்கு வேண்டாம், ரொட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சீறினாள்.

அவன் போகவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"எங்கப்பாவ மூணு வருசம் நாந்தான் பாத்தேன். பசி தாங்காம அவரு கஞ்சிய நான் குடிச்சிருக்கேன்... குடிச்சிட்டு, நீதாம்பா குடிச்சன்னு அவருகிட்டயே சொன்னேன். இன்னிக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அமுதம் விலகி வழிவிட்டாள். அவன் உள்ளே போய் சுப்பராயலுவிடம் கேட்டு, பக்குவமாக அவரைப் புரட்டி முதுகைத் துடைத்தான். போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள், சாப்பிடு, தூங்கு என்று அவளை விரட்டினான்.

"நீயும் வுழுந்துட்டா இவர யாரு தூக்கறது?"

கொஞ்ச நேரம் என்று படுத்தவள், பொழுது சாயும்போதுதான் பதறி எழுந்தாள். அப்பா சலவை வேட்டியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாகத் தூங்கியதற்கே அவமானமாக இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த கண்ணையனிடம் போனாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்பா இப்படி கெடக்கறப்ப... வாரம் பூரா எனக்கு ஒங்க நெனப்புதான். வெக்கமா இருக்கு."

அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும் அதே கததான். நாளைக்கும் வரேன் அமுதம். ஒங்கப்பாவ பாத்துக்கத்தான் வரேன்னு ஊர்ல சொல்லுவேன்... அது பொய்யின்னு ஒனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

அமுதம் முதல்முறையாக நிமிர்ந்து, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"பாதியாவது நெசமா இருக்கணும்" என்றாள்.