வெட்டாமல் விட்ட ஸ்டீயரிங்

ஒரு மனிதன் சாகும்போது கடைசியாகப் பிடித்திருந்த பொருளுக்கு என்ன விலை வைப்பது என்று எர்ணாவூர் பழைய இரும்பு வியாபாரி பீம்ராவுக்குத் தெரியவில்லை. ராயபுரம் லியோனார்டுக்குத் தெரிந்திருந்தது. எட்டாயிரம் ரூபாய். அதுவும் அடியிலிருக்கும் தண்டும் பெட்டியும் சேர்த்து.

அந்த ஸ்டீயரிங் இப்போது திருவொற்றியூரில் மெக்கானிக் வில்சனின் ஷெட்டில், லியோனார்டின் கிழட்டுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் குடியேறியிருந்தது. இரண்டே சீட் உள்ள ஜப்பான் வண்டி. அதை எடுத்துப்போக வந்த லியோனார்டின் கண்ணில் முதலில் பட்டது புதுப் பெயின்ட்டின் பளபளப்பு அல்ல. முன்சக்கரங்கள் இரண்டும் இடது பக்கமாக முழுக்கத் திரும்பி நின்றன, பேச்சுக் கேட்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆள் மாதிரி.

"சக்கரத்த நேரா வெச்சி நிறுத்த மாட்டியாடா?"

வில்சன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "நேரா தாண்ணே வெச்சிட்டு போறேன். காலீல வந்து தொறந்தா இப்டி திரும்பிக்கினு நிக்கிது. டெய்லி."

"எவனாச்சும் பூந்து வெளாடிக்கிறான்."

"சாவி என் இடுப்புல கீது. இந்த ஸ்டீயரிங்க எங்க வாங்குன?"

"ஹார்பர் ஏலம். ஜப்பான்ல ஒரு டாக்டரு வண்டியில கழட்டுனது. நம்ம ஊரு ரோட்டையே பாக்காதது." பொய் சொல்லும்போது லியோனார்ட் எப்போதும் ஒரு விவரம் கூடுதலாகச் சேர்ப்பான். சரக்கை விற்பது அந்தக் கூடுதல் விவரம்தான். இந்தத் தடவை டாக்டர்.

"டாக்டருக்கு இன்னா அவ்ளோ ஆத்திரம்?" என்று வில்சன் ஸ்டீயரிங்கின் தோலுறையைக் காட்டினான். இரண்டு பக்கமும் தோல் அமுங்கிக் கிடந்தது. முன்னால் ஒரு கட்டைவிரல் பள்ளம், பின்னால் நான்கு. "சூடு பண்ணி பாத்தேன், எண்ணெ போட்டு பாத்தேன். எழும்ப மாட்டுது."

லியோனார்ட் பில்லைக் கேட்டான். வில்சன், தான் செய்த வேலைகளை ஒப்பித்தான்: குலுங்கலைத் தாங்கும் ஜம்பர் நாலும் புதுசு, ரப்பர் புஷ் எல்லாம் புதுசு, பால் ஜாயின்ட் புதுசு, அலைன்மென்ட் நூல் பிடித்தமாதிரி நேர். "ஒண்ணு மட்டும் கேளுண்ணே. புது ஸ்பிரிங்ல வண்டிய ரெண்டு விரல் எறக்கி வெக்கச் சொன்ன, எறக்கிட்டேன். கன்டெய்னர் லாரிக்கு முன்னால ஒட்டி நிக்காத. மேல குந்திக்கினு கீறவனுக்கு நீ தெரிய மாட்ட."

"எதிராளிக்குத் தெரியாம நிக்கிறதுதாண்டா யாவாரம்."

வில்சன் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் தராமல் பானெட்டின் மேல் வைத்தான். அது லியோனார்டுக்குப் பிடிக்கவில்லை. இதே மாதிரி பீம்ராவும் பணத்தைக் கையில் வாங்காமல், எண்ணெய் டிரம் மூடியின் மேல் வைக்கச் சொல்லியிருந்தான்.

பீம்ராவின் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்த வண்டி உள்ளே வந்தால் முதல் வேலை காஸ் கட்டரைப் பற்றவைத்து ஸ்டீயரிங்கை இரண்டாக வெட்டுவதுதான். கதவு, எஞ்சின், சீட் எதற்கும் அதற்குப் பிறகே விலை பேசுவார்கள். அன்றைக்கு வந்த வெள்ளை வண்டி லியோனார்டின் வண்டிக்கு அச்சான ஜோடி, நிறம்தான் வேறு. மீஞ்சூர் பக்கம் நின்றுகொண்டிருந்த டிரெய்லருக்கு அடியில் புகுந்து, கூரை மத்தி மீன் டப்பா மூடியைப் போலச் சுருண்டிருந்தது. ஓட்டியவன் கையை ஸ்டீயரிங்கிலிருந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். கட்டரின் நீல நாக்கு தோலைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது லியோனார்ட் "நிறுத்து" என்றான். கப்பலில் புதுசு வரவழைக்க ஒன்றரை லட்சம் ஆகும். வாழ்நாளில் எதையும் எதிராளி சொன்ன விலைக்கு அவன் வாங்கியதில்லை.

"வாணாம் மொதலாளி," என்றான் பீம்ராவ். "புட்ச்சவன் இன்னும் வுடல."

"வுடலன்னா கொறச்சி குடு. ரெண்டு பேர் புட்ச்சிக்கினு கீற சரக்குக்கு ஒருத்தன் ரேட்டா?"

யார்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பீம்ராவைத் தவிர.

எண்ணூர் கடற்கரைச் சாலையில் ராயபுரம் நோக்கி வண்டி இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. இடது பக்கம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று மோந்தபடி நின்றன; அவற்றுக்கு அப்பால் கல் கொட்டிய கரையில் கடல் மோதும் சத்தம், மணலியின் எண்ணெய் நெடி, காயும் கருவாட்டின் வாடை, நிலக்கரித் தூள், எல்லாம் ஒரே காற்றில் பிசைந்து வந்தன. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பள்ளத்தில் விழுந்தால் முனகிய பழைய வண்டி இல்லை இது. ஜானட்டுக்கு ஆறு வயதில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது; தகப்பன் ஒருநாள் ரெண்டே பேர் உட்காரும் வண்டியில் கூட்டிப்போவான் என்று. இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் ஆபீசில் வேலை. ஆறு மணிக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருந்தான்.

முதலில் ஈரம். ஸ்டீயரிங்கின் தோல் நசநசத்தது. உப்புக் காற்று, இந்தப் பக்கம் இரும்பே வியர்க்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். விரல்கள் தேடாமலே பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்தன. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பள்ளத்துக்குள். தைத்துக் கொடுத்த மாதிரி.

அப்புறம் வாடை. சில்லறைக் காசை வெகுநேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பிடித்த வாடை. இன்றைக்கு வாயால் மூச்சு விட்டான்.

இவ்வளவு தாழ்ந்த வண்டியிலிருந்து பார்க்கும்போது லாரிகளின் முகம் தெரிவதில்லை, வயிறுதான் தெரிகிறது. கரி படிந்த உத்தரங்கள், சொட்டும் கிரீஸ், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருட்டான ஒரு வெளி. ஒவ்வொரு டிரெய்லரைக் கடக்கும்போதும், அந்த இருட்டு பக்கத்தில் வரும்போதெல்லாம், ஸ்டீயரிங் இடது பக்கம் ஒரு நூல் அசைந்தது. இழுக்கவில்லை. வெடுக்கென்று ஒடிக்கவில்லை. பேரம் பேசுகிறவன் துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுக் காட்டுவானே, அப்படி.

அவன் வலது பக்கம் திருப்பினான். திரும்பியது. விட்டதும் மறுபடி தொட்டது.

வில்சன் அலைன்மென்டில் கோட்டை விட்டுவிட்டான் என்று சத்தமாகச் சொன்னான். தன் குரல் தனக்கே கூடுதல் விவரம் மாதிரி கேட்டது.

வண்டியை இங்கேயே விட்டுவிட வேண்டும். ஆட்டோ பிடித்துப் பீம்ராவிடம் போய்க் கட்டரோடு கூட்டி வர வேண்டும். விலை எதுவானாலும் சரி, பேரம் இல்லை. ஆனால் ஒதுக்க இடம் இல்லை. இடது பக்கம் லாரி வரிசை. வலது பக்கம் இடுப்புயர சிமென்ட் தடுப்பு. போக்குவரத்து நகர்ந்து நகர்ந்து, ஜானட்டின் ஆபீஸ் இருக்கும் முனையை நெருங்கியது. அவளுக்குப் போன் போட்டு வராதே என்று சொல்ல வேண்டும். போன் சட்டைப்பையில் இருந்தது. கையை எடுக்கப் போனான்.

கை வரவில்லை.

இங்கே நிற்கக் கூடாது, இங்கே மட்டும் நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரே பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவந்தன. நின்றது. பின்னால் ஏர் பிரேக் சீறியது. கண்ணாடியில் ஒரு லாரியின் பம்பர். வெறும் பம்பர். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஜானட் சிரித்தபடி ஓடி வந்தாள்.

"ஏறாத," என்றான் அவன்.

கதவைத் திறந்து உட்கார்ந்தே விட்டாள். "இன்னா டாடி, வாடகை பேசிட்டுதான் ஏறணுமா? பதினெட்டு வருஷம் கழிச்சி வந்துகிறே, வட்டிக்கு ஒரு பீச் ரவுண்டு அடிக்கணும்."

"எறங்கு ஜானட். எறங்குமா."

அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நெஞ்சு வலிக்கிதா? சொல்லு டாடி."

"கை வர்ல."

அவள் கதவைத் திறந்தாள். ஒரு சாண் திறந்து டங்கென்று முட்டியது. இடது பக்க வரிசையில் ஒரு டிரெய்லர் ஊர்ந்து வந்து அணைந்து நின்றிருந்தது. அதன் நீண்ட வயிறு, நடுவே அந்த இருட்டு, சரியாக அவர்களுடைய பானெட்டுக்குப் பக்கத்தில். அவன் பக்கக் கதவுக்கும் சிமென்டுக்கும் நடுவில் ஒரு கை போகும் இடம்தான். கூரையைத் தட்டினாள். ஹார்னை அடித்தாள். அந்தச் சாலையில் ஹார்ன் என்பது காக்கைச் சத்தம்.

"பிரேக் மேல கீது என் காலு," என்றான். "ஹேன்ட் பிரேக்க இழு. சாவிய எடுத்துரு."

இழுத்தாள். சாவியை உருவினாள். எஞ்சின் அடங்கியது. சாவி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ள வேண்டும். டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும்.

வரவில்லை.

நின்ற வண்டியில், அணைந்த எஞ்சினில், ஸ்டீயரிங் திரும்ப ஆரம்பித்தது. இடது பக்கம். மெதுவாக. அவன் கைகளையும் சேர்த்துக்கொண்டு. அடியில் புது ரப்பர்கள் கிறீச்சிட்டன. டயர்கள் தாரை அரைத்துக்கொண்டு திரும்பின. முழுக்க. வில்சன் ஷெட்டில் நின்ற மாதிரியே.

"டாடி, நீ திருப்பாத."

"நான் இல்லமா."

முன்னால் சிவப்பு விளக்குகள் அணைந்தன. அவர்களுடைய வரிசை மட்டும் நகர்ந்தது. பின்னால் இருந்த லாரிக்காரன் மேலே, வெகு உயரத்தில் இருந்தான். அவன் கண்ணுக்கு எதிரே காலி ரோடு. கியர் விழும் சத்தம்.

முட்டியது. மெல்லத்தான். தட்டி எழுப்புகிற மாதிரி.

அவன் பிரேக்கை மிதித்தான். எலும்பு நோக மிதித்தான். டயர் தேய்ந்தது. தேய்ந்துகொண்டே நகர்ந்தது. பானெட் டிரெய்லரின் வயிற்றுக்கு அடியில், இழுப்பறை மேசைக்குள் போவதுபோல, ஒழுங்காகப் போனது. இரண்டு விரல் இறக்கி வைத்த வண்டி. எதிலும் இடிக்கவில்லை. டிரெய்லரின் இரும்பு விளிம்பு முன்கண்ணாடியை நோக்கி வந்தது. ஜானட்டின் பக்கம் முதலில்.

"தலைய குனி. கீழ குனி."

அவள் குனியவில்லை. அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இழுப்பதை நிறுத்தினாள். பிடியை விடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான். அவன் விரல்களின் மேல் தோல் பட்டை பட்டையாக வெளுத்து அமுங்கிக்கொண்டிருந்தது. விரல் முட்டிகளுக்கு நடுவே. நான்கு பட்டை. அடுத்த கையிலும் நான்கு. ஈரம். குளிர். மேலிருந்து.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் ஓடியது.

எண்ணுவது அவனுக்குப் பழக்கம். அப்போதும் எண்ணினான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் தன் கை இரண்டு. தன்னைப் பிடித்திருக்கும் மகள் கை இரண்டு. அதற்கும் மேலே இரண்டு.

கை ஆறு. ஆள் இரண்டு.