கூடிப்போன நான்கு எம்.பி.

"ஏனுங்க, திருட்டுப் போனாத்தான் விசாரிப்பீங்களா, கூடிப்போனாலும் விசாரிப்பீங்களா?"

அஸ்தம்பட்டியில் பல் டாக்டரின் மாடியில் இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில் நுழைந்ததும் நுழையாததுமாக வந்தவர் கேட்ட கேள்வி இது. இளவழகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரி புக்கிங் ஆபீஸை விட்டுத் துப்பறிய வந்த நாளிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, வேறு தொடுப்பு உண்டா என்று டீக்கடை டீக்கடையாக நின்று நின்று அவனுக்கு டீயே கசந்துவிட்டது. கடைசியில் இன்று ஒரு நிஜமான மர்மம் வந்திருக்கிறது!

அவனுடைய முதலாளி மோகனப்பிரியா பதறவில்லை. "உட்காருங்கண்ணா. என்ன கூடிப்போச்சு?" என்றாள்.

"மெமரிங்க. என் கம்ப்யூட்டர்ல நாலு எம்.பி. இருந்துச்சு. இன்னைக்குக் காலைல பார்த்தா எட்டு எம்.பி. இருக்குது."

வந்தவர் பெயர் சரவணக்குமார். ராசிபுரத்தில் பட்டுத்தறி வைத்திருப்பவர். சேலைக்கான பூவும் மயிலும் முதலில் கம்ப்யூட்டரில் படமாகும். அந்தப் படத்தின்படி ஒரு மெஷின் அட்டையில் ஓட்டை போடும். அட்டையைத் தறியில் மாட்டினால் பட்டில் மயில் ஆடும். ஓட்டை போடும் மெஷினோ அந்தப் பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். புதியவற்றில் அதைப் பொருத்தவே இடமில்லை.

"நானூத்தி எம்பத்தாறு மாடலுங்க," என்று அவர் பெருமையோடு அடுக்கினார். "முப்பத்திமூணு மெகாஹெர்ட்ஸ். ஹார்ட் டிஸ்க் இருநூத்திப் பத்து எம்.பி. ரெண்டு ஃபிளாப்பி டிரைவ். பதினாலு இஞ்ச் மானிட்டர்."

"ஜாதகம் பொருத்தமாத்தான் இருக்குதுங்க," என்றான் இளவழகன், பழக்க தோஷத்தில். "வயசு?"

"முப்பது தாண்டிருச்சு."

"அடடா!"

மோகனப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுல வருத்தம் எங்கே வந்துச்சு?" என்று கேட்டாள்.

சரவணக்குமாரின் முகம் இருண்டது. தைத் தேருக்கு அம்மனுக்குச் சாத்த வேண்டிய சேலையின் படம் மிகப் பெரியது. நான்கு எம்.பி. மெமரியில் அது திறக்கவே இல்லை. சேலம் முழுக்கப் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பார்த்தும் அந்தக் காலத்து மெமரி கிடைக்கவில்லை. இன்று காலை கடைசியாக ஒரு தடவை முயன்றபோது படம் தானாகத் திறந்துகொண்டது.

"அந்தப் படத்துக்கு ஒரு வியாபாரி ரொம்ப நாளா நாக்கைத் தொங்கப்போட்டுட்டு அலையறானுங்க. அவன் ஆளுதான் மெமரியப் போட்டு, படத்தைத் திறந்து, நகல் எடுத்துட்டுப் போயிருக்கோணும். சாவி என்கிட்டயும் படம் போடுற பிரபாகிட்டயும்தான் இருக்குது. அந்தப் பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள உண்மையச் சொல்லாட்டி வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

"அந்தப் பொண்ணுதான் அக்கா!" என்று இளவழகன் மோகனப்பிரியாவின் காதில் கிசுகிசுத்தான்.

"முதல்ல ஹெல்மெட்டை எடு, கிளம்பலாம்," என்றாள் அவள்.

அவர்கள் ராசிபுரம் போய்ச் சேரும்போது நண்பகல். தறிக்கூடத்தின் வாசற்படியில் பிரபா அழுது வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் இளவழகனுக்குத் தான் கிசுகிசுத்ததை நினைத்து வெட்கமாகிவிட்டது.

"நான் வாயைத் திறந்து எதைச் சொல்றதுங்கக்கா? எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததைச் சொல்லச் சொல்றாரு," என்றாள் பிரபா.

மோகனப்பிரியா தன் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகுதான் உள்ளே போனாள்.

கம்ப்யூட்டர் மஞ்சள் படிந்த பெட்டியாக மேசையில் உறுமிக்கொண்டிருந்தது. தறிகளுக்கு எண் எழுதும் வழக்கப்படி அதன் நெற்றியிலும் சிவப்புப் பெயின்டில் '2' என்று எழுதிப் பொட்டு வைத்திருந்தார்கள். திரையின் மூலையில் தேதியும் மணியும் தெரிந்தன. 1980 ஜனவரி ஒன்று. மாலை ஆறு மணி.

இளவழகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நட்ட நடுப்பகல்ல ஆறு மணியாம்!"

"உள்ளே பேட்டரி செத்துப்போச்சுங்க," என்றார் சரவணக்குமார். "அணைச்சா எல்லாத்தையும் மறந்துரும். ஹார்ட் டிஸ்க்கோட அளவு மூணு எண் இருக்குது, அதை மறுபடி கையால அடிச்சாத்தான் எந்திரிக்கும். அதனால நாங்க அணைக்கறதே இல்லீங்க. இன்வெர்ட்டர்ல ஓடும். கடைசியா அணைஞ்சது ஆவணி மாசம்."

"அந்த எண் எங்கேயாவது எழுதியிருக்கா?"

"மனப்பாடமுங்க. எனக்கும் பிரபாவுக்கும்."

"பெட்டியைத் திறந்து காட்டுங்க."

அவர் படத்தை ஃபிளாப்பியில் பத்திரப்படுத்திவிட்டு, அரை மனதோடு அணைத்து மூடியைக் கழற்றினார். மெமரிக்கான எட்டுக் குழிகளில் நான்கில் பழைய பட்டைகள் தூசி படிந்து நின்றன. மற்ற நான்கில் அதே அளவுப் பட்டைகள், துடைத்துச் சுத்தமாக.

"ஒவ்வொண்ணும் ஒரு எம்.பி. பட்டை. இதுல நாலு நாலாத்தான் போடோணும். ஒண்ணு குறைஞ்சாலும் எடுத்துக்காது," என்றார் அவர்.

மோகனப்பிரியா பெட்டியைச் சுற்றி வந்தாள். '2' என்ற எண்ணின்மேல் விரலை ஓட்டினாள். பின்கதவின் பழைய பித்தளைப் பூட்டைப் பார்த்தாள்.

"இது எப்போ போட்ட பூட்டு?"

"எங்கப்பா போட்டதுங்க. மாத்த மனசு வரலை."

அவள் பிரபாவை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். "அண்ணா, நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தப் பிள்ளை எங்கே இருந்துச்சு?"

"நேத்துப் பிரதோஷமுங்க. கோயில்ல நந்திக்குப் பக்கத்துல, எங்க ஊட்டுக்காரிகூட உக்காந்து பாடிட்டு இருந்துச்சு. நானும் அங்கதான் இருந்தேன்."

"அப்போ இவ செய்யலை."

"எப்படீங்க?"

"பேட்டரி செத்த கடிகாரம் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் 1980 ஜனவரி ஒண்ணு, நடு ராத்திரியில இருந்து ஆரம்பிக்கும். ஆவணியில அணைஞ்சு எழும்பினதுல இருந்து ஓடியிருந்தா அது மாசக்கணக்குல தாண்டியிருக்கணும். முதல் நாளே முடியாம, மாலை ஆறுன்னு காட்டுச்சு. நாம பார்த்தது பகல் பன்னிரண்டு. பதினெட்டு மணி நேரம் பின்னாடி எண்ணிப் பாருங்க."

இளவழகன் விரல் விட்டு எண்ணினான். "நேத்து சாயங்காலம் ஆறு!"

"ஊரே கோயில்ல இருந்த நேரம். வந்தவர் திருட வரலை, அண்ணா. மெமரி போட்டுத் திறந்து பார்த்துத் திருடுவானேன்? ஃபிளாப்பியைச் செருகினா திறக்காமலே நகல் எடுக்கலாம். மெஷினை அணைச்சு, தன் பொருளை உள்ளே விட்டுட்டுப் போற திருடன் உண்டா? வந்தவருக்கு அந்த மூணு எண்ணும் மனப்பாடம். அப்பா போட்ட பூட்டுக்கு அவர்கிட்டயும் சாவி இருக்கு. இதே வயசுப் பட்டை நாலு இருக்கு. கடையில கிடைக்காத பொருள் இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்துதான் வந்திருக்கணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது ரெண்டாம் நம்பர். ஒண்ணாம் நம்பர் எங்கே?"

சரவணக்குமார் அந்த '2'-ஐத் தொட்டுப் பார்த்தார். "எங்கண்ணன் ஊட்டுல," என்றார் மெல்ல. "ரெண்டையும் சேர்ந்துதான் வாங்கினோம். ஒரே கம்பெனி டிஸ்க், அதே மூணு எண். பேச்சு நின்னுபோச்சுங்க. ஏதோ ஒரு வேட்டி விவகாரம். எந்த வேட்டின்னு இப்போ சத்தியமா ஞாபகம் இல்லை."

அண்ணன் வீரபாகுவின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறும் கையில் மோர்ச் சொம்புமாகக் கதவைத் திறந்தவர், கூட்டத்தைக் கண்டு திடுக்கிட்டார். உள்ளே ஒன்றாம் நம்பர் இருண்டு கிடந்தது. மூடி கழற்றிய பெட்டிக்குள் எட்டுக் குழிகளும் காலி.

"இருந்த நாலையும் குடுத்துட்டா இது எந்திரிக்காதேண்ணா," என்றார் தம்பி. குரல் உடைந்தது. "உங்க தறிக்கு அட்டை?"

"உனக்கா குடுத்தேன்? அம்மன் சேலைக்குக் குடுத்தேன்," என்று வீரபாகு முறைத்தார். "சேலத்துக் கடை பூரா நீ தேடி அலைஞ்சதை ஊரே பேசுது. நேருல குடுத்தா வாங்குவியாடா, வீம்பு பிடிச்சவனே?"

"வாங்கியிருக்க மாட்டேன்."

"தெரியுமே! இப்போ ஏன் மூக்கை உறிஞ்சுற?"

தம் வேலை நின்றாலும் தெய்வக் காரியம் நிற்கக் கூடாது என்று நினைக்கும் மனிதர்கள், செய்த நன்மையைத் திருட்டைப் போல ஒளித்துவைக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதைவிடச் சந்தோஷமான வேலை வேறு உண்டா என்று இளவழகனுக்குத் தோன்றியது.

"ஆனா அண்ணா," என்றாள் மோகனப்பிரியா வீரபாகுவிடம், "ஒளிச்சு வச்ச நன்மைக்கு இந்தப் பிள்ளை காலையில இருந்து திருட்டுப்பட்டம் சுமந்துட்டு நிக்குது."

வீரபாகு மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "ஐயோ சாமி! இது எனக்குத் தெரியாதே!" என்று அவர் பிரபாவைப் பார்த்துக் கைகூப்பினார். சரவணக்குமாரும் முன்னால் வந்தார். "தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு. நீ எப்பவும் போல வேலைக்கு வரோணும். அண்ணன் தறிக்கும் இனி நம்ம மெஷின்லயே அட்டை அடிப்போம்."

பிரபா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாரேனுங்க. ஆனா என்கிட்டச் சொன்னாப் போதாது. எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க. விஷயம் தெரிஞ்சதுல இருந்து அது பச்சைத் தண்ணி குடிக்கலை."

"இப்பவே வாரோம்," என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில்.

இரண்டு பேருக்கும் ஒரு வண்டிதான் இருந்தது. வீரபாகு வேட்டியை மடித்துக் கட்டித் தம்பிக்குப் பின்னால் ஏறினார். "மெதுவா ஓட்டுடா. கண்ணைத் துடைச்சுட்டு ஓட்டு," என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

பிரபாவின் தாய் பூவாத்தாள் கதவைத் திறந்தாள். முதலாளிகள் இருவரும் நடுத்தெருவில், அக்கம்பக்கத்தார் பார்க்க, "உங்க பிள்ளை மேல குத்தமே இல்லீங்க, குத்தம் எங்க மேலதான்," என்று கைகூப்பிச் சொன்னார்கள். அவள் மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அங்கே சிரிப்பு இருந்தது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

"மத்தியானம் தாண்டிப்போச்சு. இத்தனை பேர்ல ஒருத்தராவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.