தலை நிமிரும் வரை

வண்டிக்குப் பின்னால் ஒரு பிள்ளைகூட ஓடிவரவில்லை. சனாட்டுவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. அந்த ஊரில் வெளி வண்டிச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு ஓடிவந்து கத்தும் பிள்ளைகள். இன்றைக்கு வடக்கேயிருந்து வந்த ஹர்மட்டான் காற்றின் புழுதிதான் நடுப்பகலை வெளுப்பாக்கி, வேப்பமரங்களையும் புல்கூரைகளையும் பாதிக்குமேல் மறைத்து, வாய்க்குள் நறநறத்துக்கொண்டு கூடவே வந்தது.

"என்னக்கா, உங்க நாத்தனார் ஊர்ல ஆடுகூட விருந்தாளியக் கண்டா ஒளிஞ்சுக்குமா?" என்று சிரித்தான் மூன்று சக்கர வண்டிக்கார ஸிப்லிம். "சோறு கேட்டுருவோம்னு பயம்போல."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருடா. பிள்ளையக் கூட்டிட்டு வந்துடறேன். இஞ்சின அணைக்காத."

சனாட்டுவின் புருஷன் செத்ததும் அவன் அக்கா மெமுனாட்டு, முறைப்படி மகள் தியும்பாவை வளர்க்க வாங்கிக்கொண்டாள். அத்தை கேட்டு மறுப்பது அங்கே வழக்கமில்லை. இரண்டு வருடம் டமாலே சந்தையில் சோறு விற்று, ஓர் அறை பிடித்து, இல்லாத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மகளைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாள் சனாட்டு. நாத்தனார் மனம் கோணிவிட்டால் காரியம் கெட்டது.

அதனால்தான் முற்றத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்ததுமே மண்டியிட்டுத் தலை குனிந்துகொண்டாள். நலம் விசாரித்து முடியும்வரை பெரியவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"வீடு எப்படி இருக்கு அண்ணி?"

"நாஆ."

எதை விசாரித்தாலும் அங்கே அந்த ஒரே மறுமொழிதான். குரலும் நாத்தனாருடையதுதான்.

"வயக்காடு?"

"நாஆ."

"பசங்க?"

"நாஆ." இந்த முறை முற்றமே சேர்ந்து சொன்னது, ஆணும் பெண்ணுமாக, ஒரே மூச்சில்.

அடுப்பிலிருந்து கூழ் புளித்துக் காய்ந்த வாடை வந்தது. ஈ இல்லை. குனிந்த கண்ணுக்கு மெமுனாட்டுவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கணுக்கால்வரை புழுதி சேர்ந்திருந்தது. பல நாள் புழுதி. சுற்றிலும் ஒரு காலடித் தடம் இல்லை.  ஆனாலும் சனாட்டு மகளை நினைத்துக் கேட்டாள்.

"தியும்பா எங்க அண்ணி?"

"நாஆ."

இந்தக் கேள்விக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

வெளியே இஞ்சின் நின்றது.

"ஸிப்லிம்?"

"நாஆ" என்றது வாசலிலிருந்து அவன் குரல்.

நிமிர்ந்துவிட்டாள்.

மெமுனாட்டுவின் கண்கள் திறந்திருந்தன. கருவிழிமேல் புழுதி. இமைக்கவில்லை. எல்லோரும் அப்படியே. வாய் மட்டும் அசைந்தது.

ஓட நினைத்தாள். கால் வரவில்லை. கண்ணை மூட நினைத்தாள். இமை இறங்கவில்லை.

அப்போது தானியக் குதிரின் மூடி நகர்ந்தது. தியும்பா இறங்கினாள். எலும்பும் தோலுமாக. உயிரோடு. ஏழு வயதுப் பிள்ளை, அத்தை அடித்து வளர்த்த மரியாதை: பார்வையை மண்ணைவிட்டு எடுக்காமல் தவழ்ந்து வந்து, சனாட்டுவின் முன்னால் மண்டியிட்டாள்.

"அம்மா குரல் கேட்டுச்சு. நீதானம்மா?"

ஓடிப்போ, பார்க்காதே என்றுதான் சனாட்டு கத்தினாள்.

"நாஆ."

பிள்ளை தயங்கியது. "வீட்ல எல்லாரும் எப்படி?"

"நாஆ."

"சந்தை?"

"நாஆ."

கேள், மகளே. இன்னும் கேள். குனிந்தே கேட்டுக்கொண்டிரு.

"என்னக் கூட்டிட்டுப் போகத்தானே வந்த?"

பல்லைக் கடிக்கப் பார்த்தாள். தன் கண்மேல் முதல் புழுதி வந்து உட்கார்ந்தது. வலிக்கவில்லை.

"நாஆ."

கேட்க வேறொன்றும் தெரியவில்லை பிள்ளைக்கு. மூக்கை உறிஞ்சினாள். விசாரிப்பு முடிந்தது. மெல்ல, அம்மாவின் முகம் பார்க்க, தலையை நிமிர்த்தினாள்.