உறையட்டும், உருகட்டும்

நீன்கேயின் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஜெபம் உண்டு; சாப்பிட்டு முடித்த பிறகு இன்னொன்று. முதலில் அப்பா ஜெபிப்பார். பிறகு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வரிதான். அதற்கு மேல் போனால் சூப் ஆறிவிடும் என்பது அம்மாவின் சட்டம்.

அன்று வியாழக்கிழமை. மேசையில் பட்டாணி சூப்பிலிருந்து ஆவி பறந்தது. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது. அவர்கள் வாழும் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் வாய்க்கால் இப்படி உறைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

அண்ணன் டவ்வே கண்ணை மூடிக்கொண்டான். "ஆண்டவரே, எங்க கணக்கு வாத்தியாருக்கு நாளைக்கு மட்டும் ஞாபக மறதி குடுங்க."

அம்மா ஒரு கண்ணைத் திறந்து முறைத்தாள். டவ்வேயின் மூடிய கண்ணுக்கும் அது எப்படியோ தெரிந்துவிட்டது.

"இல்ல, அவருக்கு நல்ல சுகம் குடுங்க. ஆமென்," என்று அவசரமாக முடித்தான் டவ்வே.

அடுத்தது நீன்கே. "ஆண்டவரே, சனிக்கிழமை சறுக்குப் பந்தயம் இருக்கு. ஐஸ் உருகாம இன்னும் கெட்டியா உறையட்டும். ஆமென்."

கடைசியாக எல்ஸ்கா. அவள் நீன்கேயின் வகுப்புத் தோழி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் சரக்குப் படகு ஓட்டுகிறவர்கள். படகுதான் அவர்களுக்கு வீடு. அதனால் பள்ளி நாட்களில் எல்ஸ்கா இங்கே தங்குவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகு ஊர்க்கரைக்கு வரும், ஓடிப்போய் ஏறிக்கொள்வாள்.

எல்ஸ்கா மெதுவாகச் சொன்னாள். "ஆண்டவரே, ஐஸ் எல்லாம் உருகிடட்டும். ஆமென்."

டவ்வே எடுத்த கரண்டியைக் கீழே வைத்தான்.

"போச்சுடா!" என்றான் டவ்வே. "ஒரே மேசையில ரெண்டு விதமா கேட்டா, பாவம் ஆண்டவர் என்ன பண்ணுவார்?"

நீன்கேக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாடு முடிந்ததும் எல்ஸ்காவைக் கதவருகே பிடித்துக்கொண்டாள்.

"என் ஜெபத்த ஏன்டி கெடுக்குற?"

"நான் கெடுக்கல. நானும் ஒண்ணு கேட்டேன், அவ்வளவுதான்."

"நான்தான் முதல்ல கேட்டேன்!"

"ஆண்டவர் என்ன ரொட்டிக் கடையா, வரிசையில நின்னு வாங்க?"

நீன்கேக்குக் கோபம்தான் கூடியது. அவள் அம்மாவிடம் போய்த் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, ரெண்டு பேர் எதிரெதிரா கேட்டா யார் கேட்டது நடக்கும்?"

"தெரியலையே," என்றாள் அம்மா. "துணி காயணும், மழை வேணாம்னு நான் கேப்பேன். புல்லு வளரணும், மழை வேணும்னு உங்கப்பா கேப்பார்."

"என்ன ஆச்சு?"

"நனைஞ்ச துணிய எடுக்கப்போயி ரெண்டு பேருக்கும் சளி பிடிச்சுது." அம்மா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்ஸ்கா இன்னைக்கும் சூப்பக் குடிக்கல, பாத்தியா? மூணு வாரமாச்சு, அவ அம்மாவப் பாத்து."

நீன்கே பார்த்திருக்கவில்லை. படகு இரண்டு ஊர் தள்ளி, வாய்க்கால் வளைவில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. சாலைகளைப் பனி மூடிவிட்டதால் பேருந்தும் இல்லை. எல்ஸ்காவின் அப்பா படகைச் சுற்றி உறைவதை இரவும் பகலும் உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு நசுங்கிவிடும். அம்மாவோ குட்டித் தம்பி யிப்பேயை விட்டு வர முடியாது. இதெல்லாம் நீன்கேக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பந்தயத்தை நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, எல்ஸ்கா பின்கட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கயிறு கட்டும்போது ஜெபிக்கிற பழக்கம் உண்டு. கதவு பாதி திறந்திருந்தது.

"ஆண்டவரே, நீன்கேக்கு என்மேல கோவம். அவ பந்தயத்துல ஜெயிக்கட்டும். அதுவரைக்கும் ஐஸ் இருக்கட்டும். அவ ஜெயிச்ச உடனே உருகிடட்டும். ரொம்ப நேரம் எடுக்காதீங்க. ஆமென்."

நீன்கே கையிலிருந்த கையுறையைக் கீழே போட்டுவிட்டாள். காதெல்லாம் சூடேறியது. தான் ஒரு முறையாவது எல்ஸ்காவின் பெயரைச் சொல்லி ஜெபித்ததுண்டா?

ஓசைப்படாமல் அடுக்களைக்குத் திரும்பி, ஜன்னல் ஓரமாக நின்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எல்ஸ்கா அவங்க அம்மாகிட்ட போகணும். அதுக்கு ஐஸ்..."

அங்கேயே நின்றுவிட்டது. 'உருகட்டும்' என்ற சொல் வெளியே வரவே மாட்டேன் என்றது. நாள்தோறும் பயிற்சி செய்திருக்கிறாளே! 'உறையட்டும்' என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கீச் என்று ஒரு சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். தோளில் பையோடு தபால்காரர் வாய்க்காலில் சறுக்கிக்கொண்டு வந்து, வீட்டுப் படித்துறையில் நின்றார். மீசையில் பனி ஒட்டியிருந்தது.

நீன்கே ஜன்னலைத் திறந்தாள். "மாமா, ரோட்டுலதான் போக முடியாதே. எப்படி வந்தீங்க?"

"ரோடு எதுக்கு? இதோ, ஊரெல்லாம் ரோடாக் கெடக்கு!" என்று காலால் பனிக்கட்டியைத் தட்டினார் தபால்காரர்.

"சரக்குப் படகு நிக்கிற வளைவு வரைக்கும் ஐஸ் கெட்டியா இருக்கா?"

"குதிரையே போகலாம். பாலத்துக்கு அடியில மட்டும் போயிடாத. அங்க மெலிசா இருக்கும், கரையேறி நடக்கணும்."

நீன்கே ஜன்னலைச் சாத்தாமலே மாட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே அப்பா பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா! படகு நம்மகிட்ட வர முடியாட்டி என்ன? நாம படகுகிட்ட போகலாம்! எல்ஸ்காவப் பனிவண்டியில உக்கார வெச்சு இழுத்துக்கிட்டுப் போகலாம்!"

அப்பா வைக்கோலைப் பிடித்தபடியே யோசித்தார். "நல்ல யோசனைதான். இன்னைக்குப் பள்ளிக்கூடம். ஞாயித்துக்கிழமை கோயில், ஊர்ல யாரும் சறுக்க மாட்டாங்க. நாளைக்குத்தான் போகணும்." பிறகு அவளைப் பார்த்தார். "நாளைக்கு உனக்குப் பந்தயமாச்சே, செல்லம்? நானும் டவ்வேயும் கூட்டிட்டுப் போறோம். நீ பந்தயத்துக்குப் போ."

நீன்கே காலால் வைக்கோலைக் கிளறினாள். ஐஸ் அடுத்த சனிக்கிழமை இருக்குமோ இருக்காதோ. பந்தயம் அடுத்து எந்த வருடமோ.

"எல்ஸ்கா இதுவரைக்கும் ஐஸ்ல கால் வெச்சதே இல்லப்பா," என்றாள் கடைசியில். "நான் பக்கத்துல இல்லன்னா பயப்படுவா. நானும் வரேன்."

சொன்ன பிறகு கொஞ்சம் அழுகை வந்தது. பசுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டதால் அது பசுவுக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை எல்ஸ்காவுக்கு நான்கு கம்பளிச் சட்டை, இரண்டு போர்வை. பனிவண்டியில் அவள் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"பொண்ணா, உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றான் டவ்வே. "கிலோ என்ன விலை?"

"ஒழுங்கா இழுங்கண்ணா!" என்றது மூட்டை.

பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் பந்தயக்காரர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நீன்கேயின் பெயரும் வந்தது. பிறகு ஒரு மௌனம். பிறகு அடுத்த பெயர். நீன்கே திரும்பிப் பார்க்காமல் வேகமாகச் சறுக்கினாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் கையுறையைப் பிடித்துக்கொண்டது.

பாலம் வந்தபோதெல்லாம் அப்பா முன்னால் போய்த் தடியால் தட்டிப் பார்த்தார். அடியில் போகாமல், எல்லாரும் கரையேறி நடந்தார்கள். இரண்டாவது ஊர் தாண்டியது. வளைவும் வந்தது.

படகுக்குப் பக்கத்தில் ஒருவர் கோடரியால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். கோடரி அப்படியே நின்றது.

"அப்பா!" என்று மூட்டை கத்தியது.

படகுக்குள்ளிருந்து எல்ஸ்காவின் அம்மா வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். ஏணியில் இறங்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. கீழே பனிக்கட்டி என்பது ஞாபகம் இல்லை. வழுக்கி, உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சறுக்கிவந்து மகள்மேல் மோதினாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"காலைலகூட வேண்டிக்கிட்டேன்டி," என்றாள் அம்மா. "எம்பொண்ணத் தனியா விட்டுடாதீங்க ஆண்டவரேன்னு."

"நான் ஒரு நாளும் தனியா இல்லம்மா," என்றாள் எல்ஸ்கா. "நீன்கே இருந்தா."

படகுக்குள் சின்ன அடுப்பு, சின்ன மேசை, அதில் பெரிய தட்டு நிறைய சூடான அப்பம். எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்ஸ்காவின் அப்பா நீன்கேயைப் பார்த்தார்.

"இன்னைக்கு நீ ஜெபம் பண்ணும்மா."

நீன்கே கண்ணை மூடினாள். கேட்பதற்கு என்னென்னவோ இருக்குமே என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. வெண்ணெய் வாசனை வந்தது. ஒரு பக்கம் அப்பாவின் தோள், மறுபக்கம் எல்ஸ்காவின் தோள் கதகதப்பாக ஒட்டியிருந்தன.

"தூங்கிட்டாளா?" என்று கிசுகிசுத்தான் யிப்பே.

"நன்றி, ஆண்டவரே," என்றாள் நீன்கே. "ஆமென்."

அவள் கண்ணைத் திறப்பதற்குள் யிப்பே இரண்டாவது அப்பத்தில் இருந்தான்.