மீன் வண்டியின் பின் ஆக்சில்

மீன் வியாபாரி தாவோன் அண்ணன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது காலை எட்டு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பான் லேம் ஊரின் உப்பளங்களை ஒட்டிய எங்கள் பட்டறையில் நானும் என் மனைவி ஜருனியும் மட்டும்தான். கழற்றுவது, மாட்டுவது என் வேலை. வெல்டிங்கும் கேஸ் நெருப்பும் அவள் வேலை.

வண்டிக்கு முப்பது வயதுக்கு மேல். வருடக்கணக்காக மீன் ஏற்றி, உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, அடிப்பாகம் முழுக்கத் துரு பொருக்குத் தட்டிக் கிடந்தது. வலது பின்சக்கரம் வரும்போதே முனகிக்கொண்டு வந்தது.

“ஆயில் சீல் போயிருக்கும் தம்பி. அத மட்டும் மாத்திட்டு மூடிடு. உள்ள ரொம்ப நோண்டாத.”

“வண்டிய விட்டுட்டு இந்த நாத்தத்த மட்டும் கையோட எடுத்துட்டுப் போண்ணே,” என்று ஜருனி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. செல்போன் நம்பரைச் சுவரில் எழுதிவிட்டு மீன் சந்தைப் பக்கம் நடந்துவிட்டார்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். எண்ணெய் கசியாமல் தடுக்கும் அந்த சீல் வளையத்தை எட்ட வேண்டுமென்றால் முதலில் ஆக்சிலை வெளியே உருவ வேண்டும். அதன் வட்டமான முகப்பை எட்டு நட்டுகள், சக்கரத்தைத் தாங்கிச் சுற்றும் ஹப்போடு பிடித்திருந்தன. ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் கூம்பு வடிவில் ஒரு வாஷர். நட்டு கழன்றாலும் அந்த வாஷர் துருவில் இறுகி, ஆக்சிலை அசையவிடாது. எட்டுமே ஒரே கட்டியாகப் பிடித்திருந்தன. துரு எண்ணெயை அடித்து ஊறவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அழுத்தினேன்.

முதல் நட்டு திரும்பியது. இரும்பு கிறீச்சிடவில்லை. சளி அடைத்த தொண்டையைச் செருமுவது போலச் சத்தம் வந்தது.

வாஷரைச் சுற்றித் தட்டியதும் அது துள்ளி விழுந்தது. அடியில் துருத்தூள் இருக்கும் என்று நினைத்தேன். மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ கசிந்து என் மணிக்கட்டில் வழிந்தது. கிரீஸ் இல்லை. கிரீஸ் இப்படிக் கட்டியும் நீருமாகப் பிரியாது.

“மீன் கொழுப்பா இருக்கும்,” என்றாள் ஜருனி.

“மீன் கொழுப்பு நட்டுக்குள்ள எப்படிப் போகும்?”

“எனக்கென்ன தெரியும்? நீதான பெரிய மெக்கானிக்கு.”

மூன்றாவது நட்டில் முடி இருந்தது.

மரையோடு மரையாகச் சுற்றிய கறுப்பு முடி. பிடித்து இழுத்தேன். ஈரமாக வந்துகொண்டே இருந்தது, என் முழங்கை நீளத்துக்கு. எங்கோ உள்ளே வேரோடு பிடித்திருப்பது போல கடைசியில் ஒரு எதிரிழுப்பு தெரிந்தது. உதறினேன். விரலில் ஒட்டிக்கொண்டது. பேன்ட்டில் தேய்த்தேன். பேன்ட்டிலும் ஒட்டியது.

அதற்குமேல் எதுவும் அசையவில்லை. ஜருனி கேஸைப் பற்றவைத்தாள். நீல நெருப்பை நட்டுக்கு நட்டு காட்டி, சிவக்கும்வரை பிடித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எங்கிருந்தோ பன்றி இறைச்சி சுடும் மணம் வந்தது. கொழுப்பு உருகிச் சொட்டும் இனிப்பான மணம். வாயில் எச்சில் ஊறியது.

“யாரு வீட்டுல பன்னி சுடறாங்க?”

ஜருனி நெருப்பை அணைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“யாரு வீட்டுலயும் இல்லய்யா. இங்கதான்.”

ஊறியிருந்த எச்சிலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வெளியே ஓடிப்போய் உப்புப் பாத்தியில் வாந்தி எடுத்தேன்.

ஏதாவது நாய் சிக்கிச் செத்திருக்கும், உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். மிச்ச நட்டுகள் சூட்டில் இளகியிருந்தன; கழற்றினேன். பித்தளைச் சுத்தியலால் முகப்பில் ஓங்கி அடித்தேன். ஆக்சில் ஒரு விரல்கடை வெளியே வந்தது. உள்ளே அடைபட்டிருந்த காற்று என் முகத்தில் அடித்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

இருவருமாகப் பிடித்து உருவினோம். கை நீளத்துக்கும் மேலான அந்த இரும்புத்தண்டு முழுவதும் முடி. நூல்கண்டு போல நெருக்கமாக, கியர் ஆயிலில் பளபளத்தபடி. கொத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல், ஊறிய மீன்தோல் போல வெளுத்து. அதில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு நகம் குத்தி நின்றது. நாய்க்கு நகச்சாயம் யாரும் பூசுவதில்லை.

தண்டை எண்ணெய்த் தட்டில் போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வந்தார். தட்டைப் பார்த்தார். இது என்ன என்று அவர் கேட்கவே இல்லை.

“மறுபடியுமா?” என்றார் மெல்ல.

“என்னண்ணே மறுபடியும்?”

“இது நாலாவது ஆக்சில் தம்பி. ஒவ்வொரு தடவையும் புதுசுதான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற பட்டறை.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதையும் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிடு. யாருக்கும் சொல்லாத.”

ஜருனி அவருக்கு எதிரே வந்து நின்றாள். “யாருண்ணே அது?”

அவர் வாயைத் திறக்கும் முன் ஹப் அசைந்தது.

ஆக்சில் தரையில் கிடக்கிறது. எஞ்சின் ஓடவில்லை. சாவி சுவர் ஆணியில் தொங்குகிறது.

ஹப் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

தட்டிலிருந்த முடியின் நுனி தரையில் இழுபட்டு, மேலேறி, ஹப்பின் ஓட்டைக்குள் நுழைந்தது. யாரோ நூடுல்ஸ் உறிஞ்சுவது போல ஈரச் சத்தம். சுருக், சுருக், சுருக்.

“ஐயோ, உள்ள போவுது! உள்ள போவுது!” அண்ணன் பாய்ந்து இரண்டு கையாலும் முடியைப் பிடித்து இழுத்தார். அது அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. ஹப் நிற்கவில்லை. அவரை மண்டியிட வைத்து, முழங்கை வரை இழுத்து, முகத்தைத் துருப்பிடித்த இரும்போடு அழுத்தியது. நான் அவர் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கிணற்றிலிருந்து பாறாங்கல்லை இழுப்பது போல இருந்தது. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஜருனி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்து கத்தினாள். “சொல்லுண்ணே! யாருன்னு சொல்லு! எங்க விட்டுட்டு வந்த?”

“உப்பளச் சாலையில! எட்டு வருசம் முந்தி!” அவர் வாயில் ரத்தமும் அந்த மஞ்சளும் கலந்து வழிந்தன. “மழை! உப்புக் கூடையோட குறுக்க வந்தா! நாயின்னு நெனச்சேன். இல்ல, இல்ல. தெரியும். பொம்பளன்னு தெரியும். கீழ மாட்டிக்கிட்டா. கத்தினா. வண்டிய நிறுத்தல. மதகு வரைக்கும் நிறுத்தல.”

ஹப் நின்றது.

முடி தளர்ந்து தரையில் விழுந்தது.

அவர் விசும்பிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். மறுநாள் காலையில் மதகடியில் ஒரு பெண்ணின் உடல் கிடந்ததாம். வெளியூரிலிருந்து உப்பள வேலைக்கு வந்தவள். தேடி யாரும் வரவில்லை. பெயர் தெரியாமலேயே புத்தர் கோயில் சுடுகாட்டில் எரித்துவிட்டார்கள். அன்று இவர் வண்டியைக் குழாயடியில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பேரு கூடக் கேக்கலயா?” என்றாள் ஜருனி. அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் எழுந்துபோய்க் கையை சோப்பு போட்டுக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். அவரைத் தொட்ட கையை.

ஒடிந்த கைக்குக் கட்டுப்போட்ட பிறகு அவரே போலீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ் வந்து ஆக்சிலையும் முடியையும் எடுத்துப்போனது. வண்டியை விசாரணை முடியும்வரை தொடக்கூடாது என்று சொல்லி எங்களிடமே விட்டுவிட்டார்கள். பின்சக்கரம் இல்லாமல், ஆக்சில் இல்லாமல், சுவரைப் பார்த்தபடி அது ஸ்டாண்டில் நின்றது. பிக்குகளை அழைத்து, பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகப் பிரார்த்தனை செய்தோம். சோறு வைத்தோம். எல்லாம் அமைதியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இறைச்சி மட்டும் இன்றுவரை என் தொண்டையில் இறங்கவில்லை.

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்தேன்.

ஸ்டாண்டுகள் நகரவில்லை. தரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வண்டி திரும்பி, உப்பளச் சாலையைப் பார்த்து நின்றது.

கண்ணாடிகள் எல்லாம் உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்தன. ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்கு எதிரே மட்டும், ஒரு பெண்ணின் சிறிய கை உள்ளிருந்து துடைத்துவிட்டது போல, கண்ணாடி தெளிவாக இருந்தது.